67-ம் 73-ம்: பொம்மசந்திராவின் இன்ஸ்பெக்‌ஷன் நண்பர்களுக்கு



பொம்மசந்திரா, ஜிகனி, வீரசந்திரா பட்டறைகளில் மைக்ரோமீட்டரும் கையுமாக நிற்கும் உங்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதம். ஓசூரிலும் சூளகிரியிலும் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள், தொழிற்பேட்டைக்குப் பின்னாலேயே வாடகை அறையில் தங்கி ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிக்குப் போய்வருகிறவர்கள், மஞ்சள் வழித்தட மெட்ரோவில் வந்து கடைசி நிலையத்தில் இறங்குகிறவர்கள், எல்லோரையும் நினைத்தே எழுதுகிறேன். இருபத்தேழு வருடமாக நானும் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இருப்பவன்தான்.

போன மாதம் ஒரு காலை, அத்திப்பள்ளி தாண்டி பஸ் நின்று நின்று ஊர்ந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் ஒரு தம்பி நாளிதழில் வந்த ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்தான். பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதில் விஞ்ஞானிகள் ஒத்துப்போகவில்லை. ஒரு சாரார் 67 என்கிறார்கள், இன்னொரு சாரார் 73 என்கிறார்கள். படித்து முடித்துவிட்டு அவன் சொன்னான்: “நமக்குப் பத்து மைக்ரான் போனா மெமோ. இவங்களுக்கு நூத்துக்கு எட்டு போயிருக்கு, யாரும் கேக்கறதில்ல.” பலர் ஆமாம் என்று தலையசைத்தார்கள். “ஒண்ணும் தெரியாமத்தான் பேசிட்டிருக்காங்க” என்றார் பின்னாலிருந்து ஒருவர். நான் வாயெடுப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதில் இது.

தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. மெமோவை நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த 67-ம் 73-ம் நம் மேசையில் தினமும் நடக்கிற தகராறேதான். இரண்டு இடத்தில் அளந்தார்கள், இரண்டு ரீடிங் வந்தது, இரண்டு பேரும் கருவி சரி என்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள நம்மைவிடப் பழக்கப்பட்டவர்கள் யார்?

முதலில் அந்த எண் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு விண்மீன் மண்டலம் நம்மிடமிருந்து 32.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்தால், பிரபஞ்ச விரிவால் அது நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் விலகும் என்பதே அது. தூரம் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்கு. ஹபிள் மாறிலி என்று பெயர். வேகத்தை அளப்பது எளிது. வரும் ஒளியின் நிறமாலை சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். தூரத்தை அளப்பதுதான் பாடு. நாளிதழ் விட்டுவிட்ட ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோள் குழு 2018-இல் கொடுத்த எண் 67.4 ± 0.5. ஆடம் ரீஸின் குழு 2022-இல் கொடுத்தது 73.04 ± 1.04. அந்தக் கூட்டல்-கழித்தல் இல்லாத காலிப்ரேஷன் சான்றிதழை நீங்கள் கையில்கூட வாங்கமாட்டீர்கள். அது இருப்பதால்தான் இதைத் தகராறு என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ ஐந்து சிக்மா இடைவெளி. சிக்மா என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் சுவரிலேயே சார்ட் தொங்குகிறது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன், நான் அப்போது இருந்த கம்பெனியில், 60 மில்லிமீட்டர் வெளிவிட்டம் கொண்ட உருக்கு வளையம் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்டன் செய்து கிரைண்ட் செய்த ஜாப். அனுப்பும்போது எல்லாம் டாலரன்ஸுக்குள். வாங்கியவர்கள் இரண்டு மாதம் கழித்து அசெம்ப்ளிக்கு எடுத்தபோது ஒன்பது மைக்ரான் கூடுதல் காட்டுகிறது என்று லாட்டையே திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்கு அவர்கள் மைக்ரோமீட்டர் மேல் சந்தேகம், அவர்களுக்கு எங்களுடையதன் மேல். ஸ்லிப் கேஜ் வைத்துப் பார்த்தோம், இரண்டும் சரி. அடுத்து வெப்பம். 60 மில்லிமீட்டர் உருக்கு ஒரு டிகிரிக்கு முக்கால் மைக்ரானுக்கும் குறைவாகத்தான் நீளும். ஒன்பது மைக்ரான் வர பதின்மூன்று டிகிரி வித்தியாசம் வேண்டும், இரண்டு அறையும் 20 டிகிரியை ஒட்டியே இருந்தன. ஆளை மாற்றினோம். அதே ரீடிங். மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் மெட்டலர்ஜி தெரிந்த மூத்தவர் ஒருவர் கேட்டார்: “ரெண்டு பேரும் சரியாத்தான் அளந்திருக்கீங்கன்னா? வளையமே மாறியிருந்தா?”

அதுதான் நடந்திருந்தது. ஹார்டன் செய்த உருக்கில் ஆஸ்டினைட் மிச்சம் தங்கிவிட்டால் அது நாள்பட மார்டென்சைட்டாக மாறும்; மாறும்போது பருக்கும். அந்த லாட்டுக்குச் சப்-ஜீரோ ட்ரீட்மென்ட் விட்டுப்போயிருந்தது. நாங்கள் இளசாக இருக்கும்போது அளந்தோம், அவர்கள் முற்றியபின் அளந்தார்கள். இரண்டு அளவும் சரி. கிரைண்ட் செய்த வளையம் அப்படியே இருக்கும் என்று நடுவில் நாங்கள் வைத்திருந்த நினைப்புதான் பிழை.

67 என்கிறவர்கள் பிரபஞ்சத்தை இளசில் அளந்தவர்கள். அதற்கு வயது 3,80,000 ஆண்டாக இருந்தபோது கிளம்பிய ஒளி இன்றும் வானம் முழுக்க மைக்ரோ அலையாக வந்துகொண்டிருக்கிறது. அதன் வெப்பநிலையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள். அந்தப் புள்ளிகளின் அளவை வைத்து, இடையிலிருந்த 1,380 கோடி ஆண்டுகளை ஒரு கோட்பாட்டின்படி ஓட்டி, இன்று விரிவு வேகம் இத்தனை இருக்கவேண்டும் என்று கணக்கிட்டார்கள். 73 என்கிறவர்கள் இன்றைய வளையத்தை நேரே கையில் எடுத்து அளந்தவர்கள். முதலில் கருவி, பிறகு சூழல், பிறகு ஆள், எல்லாம் தீர்ந்தபின் ஜாப் என்று நாங்கள் அந்த மூன்று வாரத்தில் போன வரிசையிலேயே வானியலாளர்களும் பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஜாப் மேல் கை வைக்கும் இடத்தில்தான் கரும் ஆற்றல் என்ற ஒன்று வருகிறது; அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் கருவியைப் பார்த்தாக வேண்டும்.

நம் மைக்ரோமீட்டர் ஸ்லிப் கேஜிடம் கணக்குச் சொல்கிறது, ஸ்லிப் கேஜ் ஆய்வகத்திடம், ஆய்வகம் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம். அவர்களுக்கும் அப்படி ஒரு சங்கிலி உண்டு. பூமி சூரியனைச் சுற்றிவரும்போது பக்கத்து விண்மீன்கள் இம்மி அளவு இடம் மாறித் தெரிவதை கையா செயற்கைக்கோள் அளந்தது. முதல் கண்ணி அது. இரண்டாவது கண்ணி சீபீட் என்ற வகை விண்மீன்கள். நாள்கணக்கில் வெளுத்து மங்குபவை. ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளில் பதிந்த விண்மீன் புள்ளிகளை ஒவ்வொன்றாக அளந்து ஏட்டில் எழுதும் வேலையில் இருந்த ஹென்ரியெட்டா லெவிட், 1912-இல் அப்படிப்பட்ட 25 விண்மீன்களை வைத்து ஒரு ஒழுங்கைக் காட்டினார்: துடிப்பு எவ்வளவு நிதானமோ அவ்வளவு பிரகாசம். துடிப்பை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும். அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதிலிருந்து தூரம் தெரியும். அவர் செய்தது நாம் செய்யும் வேலை. பார், அள, எழுது, அடுத்ததை எடு. அந்த ஏடு இல்லாமல் எட்வின் ஹபிளின் பெயர் இன்று இந்த மாறிலிக்கு வந்திருக்காது.

மூன்றாவது கண்ணியில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போய்க்கொண்டிருந்த பத்தொன்பது வயது சந்திரசேகர், எரிந்து முடிந்த விண்மீன் எவ்வளவு எடைவரை தன்னைத் தாங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. அதை நெருங்கும் வெண்குறு விண்மீன் வெடித்தால் ஒவ்வொரு வெடிப்பும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம் தரும். இருக்கும் வேறுபாட்டையும் வெளிச்சம் மங்கும் வேகத்தைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். ஒன்றாம்-ஏ வகை சூப்பர்நோவா என்று சொல்வது இதைத்தான். பல நூறு கோடி ஒளியாண்டு தள்ளி வெடித்தாலும் தெரியும்.

ரீஸ் குழு இரண்டாவது கண்ணியையும் மூன்றாவதையும் கோத்தது 37 மண்டலங்களில் நடந்த 42 வெடிப்புகளைக் கொண்டு. 42 மாஸ்டர் துண்டுகள். அவற்றைக் கொண்டுதான் மற்ற எல்லாம். உங்களைப்போல் எனக்கும் கை அங்கேதான் போனது. நெருக்கமான மண்டலத்தில் சீபீடின் வெளிச்சத்தோடு பக்கத்து விண்மீனின் வெளிச்சமும் கலந்திருந்தால்? நியாயமான கேள்வி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்தபின், அதன் கூர்மையான கண்ணில் அதே சீபீட்களை ஆயிரத்துக்கு மேல் மறுபடி அளந்தார்கள். பழைய ரீடிங் நின்றது. ஆனால் வெண்டி ஃப்ரீட்மன் குழு அதே வெப் தொலைநோக்கியில் வேறு வகை விண்மீன்களைக் கொண்டு அளந்து, 2025-இல் 70-ஐச் சற்று தாண்டிய எண்ணைத் தந்தது. இரண்டுக்கும் நடுவில். சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணியை இழுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம். மாற்றிச் சொல்கிறவர்களும் உண்டு.

இழுத்துப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கதை இருக்கிறது. 1929-இல் ஹபிள் கொடுத்த எண் சுமார் 500. அதை வைத்துக் கணக்கிட்டால் பிரபஞ்சத்துக்கு வயது இருநூறு கோடி ஆண்டு. பூமியின் பாறைகள் அதைவிட மூத்தவை என்று தெரிந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். 1952-இல் வால்டர் பாடே காரணத்தைக் காட்டினார். சீபீட் என்று ஒரே பெயரில் அழைத்தவற்றில் இரண்டு வகை கலந்திருந்தது. ஒன்று இன்னொன்றைவிடப் பலமடங்கு பிரகாசம். ஸ்டோரில் ஒரே பெயின்ட் அடித்த இரண்டு கிரேடு கம்பி கலந்துபோன மாதிரி. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஆலன் சாண்டேஜ் தரப்பு 50-ஐ ஒட்டியும், ஜெரார் த வொகூலர் தரப்பு 100-ஐ ஒட்டியும் நின்றன. இருவரும் எழுதிய பிழை எல்லைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. இன்று நமக்குத் தெரியும், உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. எண் தவறியது மன்னிக்கக்கூடியது. கூட்டல்-கழித்தலைச் சுருக்கி எழுதியதுதான் அவ்வளவு காலத்தைத் தின்றது.

இதையெல்லாம் வெளிநாட்டார் கதை என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டையிலிருந்து சந்தாபுரா, சர்ஜாபூர் வழியாக வடக்கே போனால் ஹொஸ்கோட்டே. அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை அந்த வளாகத்தில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். அதற்கு வைத்திருக்கும் பெயர் இமாலய சந்திரா தொலைநோக்கி. சந்திரா என்பது அதே சந்திரசேகர். உங்களில் சிலர் லோடு லாரியோடு அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருப்பீர்கள்.

அந்தத் தொலைநோக்கி இந்தத் தகராறில் நேரே இறங்கி வேலை செய்திருக்கிறது. மிகத் தொலைவிலுள்ள குவேசார் என்ற பிரகாசமான பொருளின் ஒளி, வழியிலுள்ள ஒரு மண்டலத்தின் ஈர்ப்பால் வளைந்து இரண்டு பாதையில் நம்மிடம் வரும். வானத்தில் ஒன்றே இரண்டாகத் தெரியும். ஒரு பாதை நீளம். ஆகவே குவேசார் ஒருமுறை பளிச்சிட்டால் ஒரு பிம்பத்தில் அது முன்னால் தெரியும், இன்னொன்றில் பின்னால். ஒரே நேரத்தில் ஓசூரில் கிளம்பிய இரண்டு பஸ், ஒன்று நெடுஞ்சாலை வழியாகவும் ஒன்று ஆனேக்கல் சுற்றியும் வந்து சேருகிற மாதிரி. எத்தனை நிமிடம் பிந்தியது என்பதும் எந்த வழி என்பதும் தெரிந்தால் தூரத்தைச் சொல்லலாம். சீபீட் வேண்டாம், சூப்பர்நோவா வேண்டாம். சங்கிலியே இல்லாத அளவை இது. 1964-இல் நார்வேயின் ஷூர் ரெஃப்ஸ்டால் சொன்ன யோசனை.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் எஸ். ரத்னகுமார், சி. எஸ். ஸ்டாலின் ஆகியோரும் ஐரோப்பியக் கூட்டாளிகளும் அப்படிப்பட்ட ஒரு குவேசாரை ஹான்லே, உஸ்பெகிஸ்தானின் மைதானக், கனாரித் தீவுகளின் மெர்கேட்டர் என மூன்று தொலைநோக்கிகளில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பார்த்துப் பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்: ஒரு பிம்பம் மற்றதைவிட 119.3 நாள் பிந்துகிறது, கூட்டல்-கழித்தல் 3.3 நாள். பிறகு 2015-இல் ரத்னகுமார், ஸ்டாலின், டி. பி. பிரபு மூவரும் இப்படி அளந்த பத்து குவேசார்களைச் சேர்த்து விரிவு வேகத்தைக் கணக்கிட்டார்கள். கோரமங்கலாவிலுள்ள அந்த நிறுவனத்திலிருந்து வந்த எண் 68.1 ± 5.9.

நான் மதிப்பது அந்த 5.9-ஐ. 67-ம் அதற்குள் அடங்கும், 73-ம் அடங்கும். யாருக்கும் வெற்றி தராத ரீடிங். பத்திரிகையில் தலைப்பாக வராது. அதைச் சுருக்கிக் காட்டும் ஆசையை அடக்கி, கருவி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். இதே முறையில் அளந்த ஒரு பன்னாட்டுக் குழு 2019-இல் ஆறு குவேசார்களை வைத்து 73.3 என்று சொன்னது, பிழை இரண்டு சதவீதத்தை ஒட்டி. அடுத்த ஆண்டே வளைக்கிற மண்டலத்தின் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதுபற்றித் தாங்கள் வைத்திருந்த ஒரு அனுமானத்தைத் தளர்த்திப் பார்த்தபோது பிழை எட்டு சதவீதமாகப் பருத்தது. அதையும் அவர்களே வெளியிட்டார்கள். “யாரும் கேக்கறதில்ல” என்றானே தம்பி, இவர்களை வெளியிலிருந்து யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

இதே குழுவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கணக்கு நடக்கும்போது கடைசி எண்ணைத் திரையில் மறைத்துவிடுவார்கள். எல்லாச் சோதனைகளும் முடிந்து, இனி எதையும் மாற்றமாட்டோம் என்று கையெழுத்தான பிறகே திறப்பார்கள். அரிசோனாவில் டெசி என்ற கருவியை வைத்து அளக்கும் குழுவும் இப்படித்தான் செய்கிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். முந்தைய ஷிப்ட்காரர் எழுதிய ரீடிங் கார்டில் இருக்கும்போது, புதிதாக வந்த பையன் திம்பிளைத் திருகிக்கொண்டே அந்த எண்ணுக்கே வந்து சேர்வதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குப் பழகிய எண்ணில் கை நின்றுவிடுகிறது. மெமோ பயம் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். டிராயிங் அளவை ஒட்டித் தட்டி எழுதிவிடுவோம். நானும் இளவயதில் எழுதியிருக்கிறேன். அந்த வளையத்தில் மூன்று வாரம் வீணாகக் காரணமே, எங்கள் பக்கத்தில் ஒன்பது மைக்ரானை முதலில் கண்ட பையன் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததும், சொன்னபின் நாங்கள் அவனை நம்பாததும்தான்.

நம் மாநிலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைப் பகுதியில் வைத்த ஒரு ஆன்டெனா, முதல் விண்மீன்கள் பிறந்த காலத்தின் அடையாளத்தை 78 மெகாஹெர்ட்சில் கண்டதாக எட்ஜெஸ் குழு அறிவித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஆழமான சரிவு. உலகெங்கும் கோட்பாட்டாளர்கள் அதை விளக்கப் புதிய இயற்பியலையே கொண்டுவந்து கட்டுரைமேல் கட்டுரை எழுதினார்கள். சதாசிவநகரிலுள்ள ராமன் ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் முதலில் தரையைச் சந்தேகித்தார்கள். ஆன்டெனாவுக்குக் கீழே மண் அடுக்கடுக்காக இருந்தால் அதில் அலை பட்டுத் திரும்பி இப்படி ஒரு நெளிவைக் காட்டலாம். அடுக்கில்லாத தரை எங்கே கிடைக்கும்? தண்ணீரில். தாங்களே செய்த சாரஸ் 3 என்ற ஆன்டெனாவை மிதவையில் ஏற்றி, 2020-இல் தண்டிகனஹள்ளி ஏரியிலும், பிறகு சராவதி அணையின் பின்நீரிலும் மிதக்கவிட்டு அளந்தார்கள். சௌரப் சிங், ரவி சுப்ரமணியன் உள்ளிட்ட அந்தக் குழு 2022-இல் சொன்ன முடிவு: அப்படி ஒரு சரிவு வானத்திலிருந்து வரவில்லை; 95.3 சதவீத உறுதி. ஆஸ்திரேலியக் கருவி செய்தவர்கள் மீது ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. சர்ஃபேஸ் பிளேட்டை மாற்றி வைத்து மறுபடி அளந்தார்கள், அவ்வளவுதான். கர்நாடகத்து ஏரித் தண்ணீர் உலகத்துக்கு சர்ஃபேஸ் பிளேட்டானதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இப்போது ஜாப் மேல் கை வைக்கலாம். 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்து, விரிவு மெதுவாகவில்லை, வேகமெடுக்கிறது என்று கண்டன. வேகமெடுக்க வைப்பதற்குப் பெயர் வைக்கவேண்டியிருந்ததால் கரும் ஆற்றல் என்றார்கள். பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். அது என்ன என்பதற்கு எளிய விடை, ஐன்ஸ்டைன் 1917-இல் எழுதிய ஒரு மாறிலி: வெற்றிடத்துக்கே உள்ள ஆற்றல், எங்கும் ஒன்று, என்றும் ஒன்று. 67 என்கிற கணக்கு இந்த மாறாமையின் மேல் நிற்கிறது. நாங்கள் வளையத்தைப் பற்றி வைத்திருந்த அதே நினைப்பு. ஆனால் வேகமெடுப்பது தெரியவருவதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1988-இல், மும்பையில் பிறந்த பாரத் ரத்ராவும் ஜிம் பீபிள்ஸும் இது மெல்ல மாறும் ஒரு புலமாகவும் இருக்கலாம் என்று எழுதிவைத்திருந்தார்கள். 2021-இல் நம்மை விட்டுப்போன புனேயின் பத்மநாபன், இந்த ஆற்றல் ஏன் இவ்வளவு சின்னது என்ற கேள்வியோடே பல பத்தாண்டு கழித்தார்.

மாறுகிறதா என்று நேரே பார்க்கும் வேலையைத்தான் டெசி செய்கிறது. கிட் பீக் மலையில் நான்கு மீட்டர் தொலைநோக்கி. அதன் முகப்பில் 5,000 ஒளியிழைகள், ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ரோபோ தன் இலக்குக்கு நகர்த்துகிறது. பிரபஞ்சம் இளசாக இருந்தபோது ஒலி அலை ஓடிய தூரம் மண்டலங்களின் இடைவெளியில் ஒரு முத்திரையாகப் பதிந்திருக்கிறது. சுமார் 48 கோடி ஒளியாண்டு நீள ஸ்லிப் கேஜ். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மண்டலங்களையும் குவேசார்களையும் அளந்து, 2025 மார்ச்சில் சொன்னார்கள்: எங்கள் அளவையும் பிளாங்க் அளவையும் சூப்பர்நோவாக்களையும் சேர்த்துப் பார்த்தால், கரும் ஆற்றல் மாறிலியாக இல்லை, காலப்போக்கில் வலு குறைகிறது என்ற பக்கம் சாய்கிறது. எந்த சூப்பர்நோவா தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை.

இதைக் கேட்டதும் வளையம் மாறிவிட்டது, தகராறு தீர்ந்தது என்று நான் குதித்தேன். பிறகு நிதானமாகப் படித்தபோது தெரிந்தது, அப்படி இல்லை. டெசி காட்டும் மாதிரியான மாற்றம் 67-ஐ 73 பக்கம் உயர்த்துவதில்லை. சற்றுக் கீழே தள்ளுவதும் உண்டு. 73-ஐ எட்ட வேறு மாற்றம் வேண்டும். பிரபஞ்சத்தின் மிக இளவயதில் ஒரு கரும் ஆற்றல் சிறிதுகாலம் தலைகாட்டி மறைந்திருந்தால் ஒலி அலை ஓடிய தூரம் குறைந்திருக்கும், அந்த ஸ்லிப் கேஜே நாம் நினைப்பதைவிடக் குட்டையாகிவிடும், வேகம் கூடும் என்று ஒரு யோசனை இருக்கிறது. அழகான யோசனை. ஆனால் வேறு அளவைகளோடு அது உரசுகிறது. ஆக இரண்டு புதிர். ஒரே சாவி இரண்டையும் திறக்கவில்லை. அது மட்டுமல்ல, டெசி முடிவோடு சேர்த்த சூப்பர்நோவா தொகுப்புகளில் மிகப் பெரிய சாய்வைக் காட்டியதை அளந்த குழுவே 2025 இறுதியில் தன் வெளிச்ச அளவையை மறுகாலிப்ரேஷன் செய்தது. 4.2 சிக்மா 3.2-ஆக இறங்கியது. சாய்வு மறையவில்லை, இளைத்தது. மெட்டலர்ஜிக்காரரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டதா, இன்னும் ஸ்லிப் கேஜையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? என்னைக் கேட்டால் இன்னும் சில காலம் ஸ்லிப் கேஜைப் பார்க்கலாம் என்பேன். அதற்காக வளையம் மாறாது என்று சத்தியம் செய்யவும் மாட்டேன்.

தம்பிக்கு என் பதில் இதுதான். அவர்களுக்கு நூற்றுக்கு எட்டு “போகவில்லை”. ஒவ்வொருவரும் ஒன்றரை சதவீதத்துக்குள் அளந்ததால்தான் எட்டு கண்ணில் பட்டது. 72 ± 8 என்று இருந்த 2001-இல் இந்தத் தகராறே இல்லை. இரண்டு பக்கமும் கருவி கூர்மையானபின் பிறந்தது இது. அடுத்தமுறை பஸ்ஸில் யாராவது இப்படி ஒரு செய்தியைப் படித்தால், கூட்டல்-கழித்தல் எவ்வளவு என்று கேளுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் உங்கள் மேசையைப் பற்றிச் சொல்லுங்கள்; இயற்பியல் என்பது புத்தகத்தில் முடிந்துபோன ஒன்று என்று பள்ளிக்கூடம் அவர்களை நம்பவைத்திருக்கும். லைன் சீஃபாக, சூப்பர்வைசராக இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒத்துப்போகாத ரீடிங்கைக் கொண்டுவரும் பையனுக்கு மெமோ கொடுக்காதீர்கள். அவனுக்கு ஒரு நாற்காலி போட்டு, எப்படி அளந்தாய் என்று கேளுங்கள்.

இன்னொன்று, எல்லோரிடமும். இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை நீங்களே அளக்கலாம், கருவி வேண்டாம். திருவோண நட்சத்திரத்தை ஊரில் பெரியவர்கள் காட்டியிருப்பார்கள்: வரிசையாக மூன்று, நடுவில் இருப்பது பிரகாசம். பங்குனி, சித்திரையில் நைட் ஷிப்ட் இல்லாத நாளில் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து கிழக்கே உயரத்தில் பாருங்கள். பொம்மசந்திராவின் விளக்கில் தெரியாது. தேன்கனிக்கோட்டை தாண்டிப் போனால், அஞ்செட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், நன்றாகத் தெரியும். அந்த மூன்றுக்கும் வலப்புறமாக, முழுக்க நீட்டிய கையில் அரைச் சாண்கூட இல்லாத தூரத்தில், மங்கலாக ஒன்று இருக்கும். ஈட்டா அக்விலே என்று பெயர். சீபீட். 1784-இல் இங்கிலாந்தின் யார்க்கில் எட்வர்ட் பிகாட் வெறும் கண்ணால் பார்த்து, அது வெளுத்து மங்குவதைக் கண்டார்.

திருவோணத்தின் மூன்றில் மங்கலானதை மாஸ்டராக வைத்துக்கொள்ளுங்கள், அது மாறாது. ஒவ்வொரு நாளும் ஈட்டா அதைவிடப் பிரகாசமா, சமமா, மங்கலா என்று தேதியும் மணியும் போட்டு நோட்டில் எழுதுங்கள். முந்தின நாள் எழுதியதைப் பார்க்காமல் எழுதுங்கள். பக்கத்து ஊரில் இன்னொருவர் தனியாக எழுதட்டும். ஆறு வாரம் போதும். உச்சத்துக்கு உச்சம் 7 நாள் 4 மணி நேரத்தை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் தட்டி எழுதாமல் நோட்டை அப்படியே கொண்டுவாருங்கள், சித்திரைக் கடைசி ஞாயிறு மாலை, மெட்ரோ நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நான் என் நோட்டோடு இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மேசைக்காரன் ஒருவன்
பொம்மசந்திரா